நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

சித்தப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. முப்பது ஆண்டுகளாக வெள்ளிக் கம்பியோடு பழகிய கை அவருடையது. ஒரு மழை நாளில் படியில் வழுக்கி, விழாமல் இருப்பதற்காக ஜன்னலைப் பிடிக்கப்போய், கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு கொண்டுபோகிற நரம்பு அறுந்துபோனது. அறுவை சிகிச்சையில் அதன் இரு முனைகளையும் தலைமுடியைவிட மெல்லிய நூலால் சேர்த்துத் தைத்தார்கள்.

தைத்தாகிவிட்டது, கட்டுப் பிரித்ததும் விரலில் உணர்வு வந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். டாக்டர் அந்த நினைப்பைக் கலைத்தார். “தைத்தது மேல் உறையைத்தான் ஐயா. உள்ளே ஓடுகிற இழைகள் இனிமேல்தான் வளர்ந்து வரவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.” சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் பட்டறை அளவுகோலை எடுத்து மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தார். பதினெட்டு சென்டிமீட்டர். அதாவது குறைந்தது ஆறு மாதம்.

அதன்பிறகு மாதம் ஒரு முறை டாக்டர் அவருடைய உள்ளங்கையை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் தட்டும்போது மட்டும் சுருக்கென்று எறும்பு ஊர்வதுபோல விரல்களுக்குள் ஓடும். அந்த இடம்தான் வளரும் இழைகளின் முனை. மாதத்துக்கு மாதம் அது சில சென்டிமீட்டர் முன்னேறியது. இந்தத் தட்டிப் பார்க்கும் முறையை 1915-இல் பிரான்சின் டினெலும் ஜெர்மனியின் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதி வைத்தார்கள். முதல் உலகப் போரில் எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு நாடுகளின் மருத்துவர்கள், கிழிந்த நரம்புகளோடு வந்த சிப்பாய்களிடம் ஒரே உண்மையைக் கண்டது வேடிக்கைதான்.

ஒருநாள் சித்தப்பா என்னிடம் கேட்டார். “வெள்ளிக் கம்பியைத் துளைத் தகட்டில் விட்டு இழுக்கிறோம். தகடு இருக்கிறது, இழுக்க ஆளும் இருக்கிறது. இந்த நரம்பைப் பிடித்து இழுக்க யாரும் இல்லையே. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. அதன் வலுவை உணர, நீள அகலத்தை ஒருமுறை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனியின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்லின் உடல் விரலில் இல்லை. கழுத்தில், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு போல அதன் அளவு. அதிலிருந்து புறப்படும் ஆக்ஸான் என்ற இழை மட்டும் தோள், முழங்கை, மணிக்கட்டு வழியாக எண்பது சென்டிமீட்டர் வரை ஓடுகிறது. செல்லின் உடலைப் பெரிய மல்கோவா மாம்பழம் ஒன்றின் அளவுக்குப் பெருக்கினால், காம்பிலிருந்து போகும் இழை ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த இழையின் நுனி, கூட்டமாக ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளின் நடுவே, தனக்கு உரிய ஒரு சதுர மில்லிமீட்டர் தோலைத் தேடிப் போய்ச் சேரவேண்டும்.

இதற்கான முதல் துப்பைக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். கோழிக் கருவின் தண்டுவடத்தை வெள்ளி நைட்ரேட் கொண்டு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த அவர், வளரும் ஒவ்வோர் இழையின் முனையும் கூம்புபோலப் புடைத்திருப்பதை 1890-இல் விவரித்தார். வளர்ச்சிக் கூம்பு என்று பெயரும் வைத்தார். (நரம்பை உலகத்துக்குக் காட்டியது வெள்ளிதான் என்று நான் சொன்னபோது சித்தப்பாவுக்கு ஏற்பட்ட பெருமை, சொந்தக்காரர் பரிசு வாங்கியதற்கு ஒப்பானது.) கஹால் பார்த்தது செத்துப்போன, சாயம் ஏறிய திசுவை. ஆனாலும் அந்தக் கூம்பு உயிரோடு இருந்தபோது அமீபாவைப்போல ஊர்ந்திருக்கும், வேதிப்பொருள்களை மோப்பம் பிடித்திருக்கும், கோட்டைக் கதவை மோதும் மரத்தைப்போலத் திசுவை முட்டித் தள்ளி வழி செய்திருக்கும் என்று எழுதினார். அசையாத படத்தைப் பார்த்து அசைவைச் சொன்ன ஊகம் அது. அதில் பெரும்பகுதி சரியாகிப்போனது.

அசைவை நேரில் பார்த்தவர் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன். 1907-இல் தவளைக் கருவின் நரம்புத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, நிணநீர்த் துளி ஒன்றுக்குள் வைத்துக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டார். உடலுக்கு வெளியே, அந்தத் துளிக்குள், செல்லிலிருந்து இழை நீண்டு வளர்வதை மணிக்கணக்கில் பார்த்தார். உடலுக்கு வெளியே செல் வளர்க்கும் கலையே அந்தத் துளியிலிருந்துதான் பிறந்தது.

இப்போது அந்தக் கூம்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதன் அகலம் சுமார் பத்து மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏழெட்டுக் கூம்புகளை அடுக்கிவிடலாம். உருவத்தில் அது கூம்பு என்பதைவிட விரித்த கைக்கே அதிகம் பொருந்துகிறது. உள்ளங்கை போன்ற மெல்லிய சவ்வு. அதிலிருந்து நான்கு பக்கமும் நீளும் விரல்கள். இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடும் கைபோல அந்த விரல்கள் நீண்டு தொட்டு, சுருங்கி, வேறு பக்கம் நீண்டுகொண்டே இருக்கின்றன. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியின் நுனியைப் பார்த்திருப்பவர்களுக்கு ஒரு சாயல் தெரியும். கொடி அதை நாள்கணக்கில் செய்கிறது. கூம்பு நிமிடங்களில் செய்கிறது.

விரல்களுக்குள் இருப்பது ஆக்டின் என்ற புரத இழை. முன்முனையில் புதிய ஆக்டின் துண்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். பின்பக்கத்தில் கழன்றுகொண்டே இருக்கும். முழு இழைக்கட்டும் பின்னோக்கி இழுபடும். எஞ்சின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்ற நிலை. கூம்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒட்டும் புரதங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு ஆக்டினோடும் கோத்துக்கொள்ளும் கணத்தில், பின்னோக்கிய ஓட்டம் தடைப்பட்டு, அந்த விசை கூம்பை முன்னே தள்ளுகிறது. இந்த விளக்கத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் ‘கிளட்ச்’. கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கிளட்சை விடும்போது பஸ் ஒரு குலுக்கலோடு முன்னேறுவதை உடம்பால் அறிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இடதுபக்கத்துக் கிளட்சுகள் மட்டும் பிடித்தால் கூம்பு இடதுபக்கம் திரும்பும். திரும்புதல் என்பதன் இயந்திரப் பகுதி அவ்வளவுதான். எந்தப் பக்கத்துக் கிளட்சைப் பிடிப்பது என்று முடிவு செய்வது எது என்பதில்தான் கதை இருக்கிறது.

முடிவு செய்வதற்கான சேதிகள் வழியெங்கும் கிடக்கின்றன. சில, தூரத்தில் ஒரு செல் சுரந்து பரவவிடும் புரதங்கள். சில, பக்கத்துச் செல்லின் மேல்பரப்பிலேயே ஒட்டியிருப்பவை, தொட்டால்தான் தெரியும். சில இழுக்கும், சில விரட்டும். விரட்டும் சேதியின் வேகத்தை 1993-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோழி மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம் காட்டியது. அது பட்டதும் விரிந்திருந்த கூம்பு, தொட்டாற்சிணுங்கி இலையைப்போல முழுவதுமாகச் சுருங்கிவிட்டது. இன்று அந்தக் குடும்பத்துக்கு செமஃபோரின் என்று பெயர். ரயில்பாதையில் முன்பு நின்றிருந்த கைகாட்டி மரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அதிலிருந்து வந்தது.

இழுக்கும் சேதிகளில் புகழ்பெற்றது நெட்ரின். அதைக் கண்டெடுத்த கதையைச் சேலத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது நாமக்கல் நினைவு வராமல் இருக்காது. கருவில் தண்டுவடம் உருவாகும்போது, அதன் முதுகுப் பக்கத்தில் பிறக்கும் ஒருவகைச் செல்களின் இழைகள் நேராக வயிற்றுப் பக்கத்து நடுக்கோட்டை நோக்கி இறங்குகின்றன. நடுக்கோட்டிலிருந்து ஏதோ ஒன்று இழுக்கிறது என்று கஹால் காலத்திலேயே சந்தேகம் இருந்தது. அந்த ஏதோ ஒன்றைத் தனியே பிரிக்க, மார்க் டெசியர்-லவீன் குழுவினர் அடைகாத்த முட்டைகளிலிருந்து சுமார் 25,000 கோழிக்கரு மூளைகளை எடுத்து, கரைத்து, வடிகட்டி, மீண்டும் வடிகட்டி, கடைசியில் இரண்டு புரதங்களைக் கையில் பிடித்தார்கள். 1994-இல் அவற்றுக்கு நெட்ரின் என்று பெயரிட்டார்கள். வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. நேதாஜி என்ற பட்டத்தில் இருக்கும் அதே நேதாதான்.

முட்டைக்கும் நரம்புக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. இத்தாலியில் முசோலினி ஆட்சியின் இனச் சட்டத்தால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ரீட்டா லெவி-மொன்டால்சினி, தம் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்து, போருக்கு நடுவே கோழி முட்டைகளைக் கொண்டு நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். அந்தத் தொடக்கம்தான் பிற்பாடு நரம்பு வளர்ச்சிக் காரணியில் போய் முடிந்து, 1986-இல் ஸ்டான்லி கோஹனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அந்தப் பொருளைப் பாம்பின் விஷத்திலும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்டார்கள் என்பது இன்னொரு விசித்திரம்.

நெட்ரினுக்குத் திரும்புவோம். நடுக்கோடு இழுக்கிறது, இழை போகிறது. இதுவரை எளிது. ஆனால் உடனே ஒரு சிக்கல். நடுக்கோடு அவ்வளவு பிரியமான இடம் என்றால், அங்கே போய்ச் சேர்ந்த இழை ஏன் அங்கேயே நின்றுவிடவில்லை? ஏன் அதைக் கடந்து மறுபக்கம் போகிறது? கடந்தபின் ஏன் ஒருபோதும் திரும்பி வருவதில்லை?

சனிக்கிழமை காலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குப் போய்விடவேண்டும் என்று வண்டிகள் முண்டியடித்துக்கொண்டு போகும். ஞாயிறு மாலை அதே ஏரிக்கரையில் நின்று பாருங்கள். எப்போது கீழே இறங்குவோம், திங்கள் காலை வேலைக்குப் போகவேண்டுமே என்று அதே ஆட்கள் அதே அவசரத்தோடு புறப்படுகிறார்கள். ஏற்காடு மாறவில்லை. ஏரியும் படகும் மிளகாய் பஜ்ஜியும் அப்படியே இருக்கின்றன. மாறியது வந்தவரின் மனநிலை.

வளரும் நரம்பைப் பற்றி என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். சேதிகளை நாம் பலகைகளாகக் கற்பனை செய்கிறோம்: ‘இப்படி வா’, ‘அப்படிப் போகாதே’. புரதத்தில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பொருள் கொடுப்பது கேட்கிற கூம்பு. கூம்பின் உள்நிலை மாறினால் பொருளும் மாறிவிடுகிறது.

நடுக்கோட்டின் புதிரை அவிழ்த்ததில் பழ ஈக்கு பெரும் பங்கு உண்டு. மரபணு பழுதான ஓர் ஈ வகையில், நடுக்கோட்டைக் கடந்த இழைகள் மறுபடி மறுபடி திரும்பி வந்து வட்டமடித்துக்கொண்டிருந்தன. அதனால் அந்த மரபணுவுக்கு ரவுண்டானா என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள், சுருக்கமாக ரோபோ. ரோபோ ஓர் ஏற்பி. கூம்பின் மேல்பரப்பில் நிற்கும் காது என்று கொள்ளலாம். நடுக்கோட்டுச் செல்கள் ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தையும் சுரக்கின்றன. அதைக் கேட்பது ரோபோதான். ஆக, நடுக்கோடு ஒரே நேரத்தில் ‘வா’ என்றும் ‘போ’ என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடக்கும் முன் இழையின் காதில் ‘வா’ மட்டும் விழுகிறது. ஈயில் இதைச் செய்வது கம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம். புதிதாக உற்பத்தியாகும் ரோபோவை மேல்பரப்புக்குப் போகவிடாமல் வழியிலேயே மடக்கி, கழிவறைக்கு அனுப்பிவிடுகிறது. இழை கடந்தவுடன் கம் உற்பத்தி நிற்கிறது. ரோபோ மேல்பரப்பில் நிறைகிறது. இப்போது ‘போ’ உரக்கக் கேட்கிறது. முதுகெலும்பிகளில் இன்னொன்றும் நடக்கிறது: விழித்தெழுந்த ரோபோ, நெட்ரினைக் கேட்கும் ஏற்பியையே போய்ப் பிடித்து அதன் வாயை அடைக்கிறது. ‘போ’ காதில் விழுந்தது மட்டுமின்றி, ‘வா’ கேட்காமலும் போயிற்று.

ஒரே புரதம் எதிரெதிர் பொருள் தருவதை ஆய்வகத் தட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்கத் தவளையின் நரம்பு செல்லை வளர்த்து, அதன் பக்கத்தில் நுண்ணிய ஊசியிலிருந்து நெட்ரினை மெல்லக் கசியவிட்டால், கூம்பு ஊசியை நோக்கித் திரும்பும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் வேலையைத் தடுத்துவிட்டு அதே நெட்ரினைக் கொடுத்தால், கூம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போகும். மூ-மிங் பூ குழுவினர் 1997-இல் இதை வெளியிட்டார்கள். இரண்டாண்டு கழித்து, உடலுக்குள்ளேயே இந்த மாற்றம் எங்கே பயன்படக்கூடும் என்பதற்கும் ஒரு விடை வந்தது. விழித்திரையின் மேல்பரப்பில் லாமினின் என்ற புரதம் விரித்திருக்கிறது. லாமினின்மேல் நிற்கும் கூம்புக்குள் சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது; அப்போது நெட்ரின் விரட்டுகிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகவேண்டிய இழைகள் கண்ணின் பின்வாசலுக்கு வரும்போது, லாமினினும் நெட்ரினும் சேர்ந்து இருக்கும் மேல்பரப்பிலிருந்து தள்ளப்பட்டு, லாமினின் இல்லாத வாசலுக்குள் இறங்குகின்றன. எங்கே நிற்கிறாய் என்பதைப் பொறுத்தே சொல்லுக்குப் பொருள். இதை இலக்கண வகுப்பில் கேட்டிருக்கிறோம். கண்ணுக்குள் கேட்பதுதான் புதிது.

அறிவியலில் பாடப்புத்தகக் கதை நெடுநாள் அப்படியே நிற்பதில்லை. நடுக்கோட்டிலிருந்து நெட்ரின் புகைபோலப் பரவி வர, அந்த வாசனையைப் பிடித்து இழைகள் வருகின்றன என்று கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டது. 2017-இல் வந்த ஆய்வுகள், சுண்டெலிக் கருவின் பின்மூளையில் நடுக்கோட்டுச் செல்களில் மட்டும் நெட்ரினை நீக்கினாலும் இழைகள் பெரும்பாலும் சரியாகவே கடப்பதைக் காட்டின. வழியோரத்து முன்னோடிச் செல்கள் விட்டுச்செல்லும் நெட்ரின் பரப்பில் ஒட்டிக்கிடக்கிறது. கூம்பு அதன்மேல் பிடித்து ஊர்கிறது. தூரத்து வாசனையைவிடக் காலடி மண்ணுக்கே அங்கு வேலை அதிகம். தண்டுவடத்தில் நடுக்கோட்டு நெட்ரினுக்கும் பங்கு உண்டு என்று அடுத்து வந்த ஆய்வுகள் திருத்தம் சொல்லின. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. கிளட்ச் கதையோடு இது நன்றாகவே பொருந்துகிறது: பிடிக்கத் தரை வேண்டுமே.

வாசனை என்றதும் இன்னொன்று. கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் சேர்வராயன் மலையில் காப்பி பூக்கும். கீழேயிருந்து போகிறவருக்கு அந்த மணம் மூச்சை நிறைக்கும். தோட்டத்திலேயே இருப்பவருக்குக் காலை பத்து மணிக்கெல்லாம் அது மறந்துபோயிருக்கும். கூம்புக்கும் இந்த மரத்துப்போதல் உண்டு. ஒரு சேதியில் தொடர்ந்து நனைந்தால் உணர்வு மங்கும், பிறகு அந்தப் புதிய அளவுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் நுட்பமாக உணரத் தொடங்கும். இது குறையல்ல. செறிவு ஏறிக்கொண்டே போகும் பாதையில், தொடக்கத்தில் இருந்த உணர்திறனையே வைத்துக்கொண்டிருந்தால் பாதி வழியில் காது செவிடாகிவிடும். அதன் வேலை எவ்வளவு சேதி இருக்கிறது என்று அளப்பது அன்று. பத்து மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் இடப்பக்கம் அதிகமா, வலப்பக்கம் அதிகமா என்று ஒப்பிடுவது.

ஒப்பிட்டு முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு, ‘செல்லின் உடலில் இருக்கும் உட்கரு’ என்று சொல்லத் தோன்றும். தலைமை அலுவலகம் அதுதானே. தவளைக் கருவில் விழித்திரை இழைகளை அவற்றின் செல் உடலிலிருந்து துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள், 1987-இல். தலையில்லாத அந்த இழைகள் சில மணி நேரத்துக்கு வளர்ந்துகொண்டே, சரியான பாதையிலேயே போயின. 2001-இல் கிறிஸ்டின் ஹோல்ட் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். துண்டிக்கப்பட்ட கூம்பு நெட்ரின் பட்டதும் அங்கேயே, அந்தக் கணமே, புதிய புரதம் தயாரிக்கிறது. தயாரிப்பைத் தடுத்தால் திரும்பும் திறன் போய்விடுகிறது. புரதத்துக்கான செய்முறைப் பிரதிகள் முன்கூட்டியே கூம்புக்கு அனுப்பப்பட்டு அங்கே காத்திருக்கின்றன. எந்தப் பக்கம் சேதி வலுவாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் ஆக்டினைச் சமைத்துக்கொள்கிறது. கொலுசுப் பட்டறையில் எல்லாச் சலங்கைக்கும் முதலாளியைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்ன?

வழி தெரிந்தது; வந்துசேரவேண்டிய முகவரி? இதில் ராஜர் ஸ்பெரியின் சோதனையைப்போல மனத்தில் தங்குவது வேறில்லை. தவளை, நீர்ப்பல்லி போன்றவற்றில் கண் நரம்பு அறுந்தால் மறுபடி வளரும். 1940-களில் ஸ்பெரி நரம்பை அறுத்து, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வை வந்தது. ஆனால் பூச்சி மேலே பறந்தால் தவளை கீழே நாக்கை நீட்டியது. எத்தனை நாளானாலும் அது கற்றுக்கொள்ளவில்லை. கண் திரும்பியிருந்தும் ஒவ்வோர் இழையும் மூளையில் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. இழைக்கும் இலக்குக்கும் வேதி அடையாளம் இருக்கவேண்டும் என்றார் ஸ்பெரி. தனித்தனி எண் தேவையில்லை. நீளவாக்கில் ஒரு புரதமும் குறுக்குவாக்கில் இன்னொன்றும் சிறுகச் சிறுகக் கூடிக் குறைந்தாலே எல்லா இடத்துக்கும் முகவரி அமைந்துவிடும் என்று 1963-இல் விளக்கினார். அம்மாப்பேட்டைத் தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து பூவின் இடத்தைச் சொல்லிவிடுவதுபோல. அந்தப் புரதங்களான எஃப்ரின்கள் 1995-இல் கிடைத்தன.

எல்லாம் வேதிச் சேதியும் இல்லை. தவளை மூளையின் திசுவில் மென்மையும் கடினமும் இடத்துக்கு இடம் மாறுவதை இழைகள் உணர்ந்து, மென்மையான பக்கம் வளைகின்றன என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று காட்டியது. உணரும் உறுப்பு பியேசோ-1 என்ற புரதம். அழுத்தம் பட்டால் திறக்கும் நுண்கதவு. அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஆர்டெம் படபூடியன் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

இத்தனை ஏற்பாட்டில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் என்ன ஆகும்? நெட்ரினைக் கேட்கும் ஏற்பியான டிசிசியின் மரபணுவில் பழுது உள்ள சிலருக்கு, வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் தாமாக அதே அசைவைச் செய்கின்றன. கண்ணாடி அசைவு என்கிறார்கள். மூளையின் கட்டளை இழைகள் நடுக்கோட்டைச் சரியாகக் கடக்காமல் இருபக்கமும் போவதே காரணம். 2010-இல்தான் இந்தத் தொடர்பு தெளிவானது. ரோபோ-3 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், கண்கள் பக்கவாட்டில் அசையாது, வலப்புறம் பார்க்கத் தலையையே திருப்பவேண்டும், முதுகெலும்பும் வளையும். அரிதினும் அரிது. ஆயினும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வரவேண்டும் என்பதால், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே பெண் எடுக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இந்த வகை நோய்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லதல்ல.

இனி சித்தப்பாவின் கைக்கு வருவோம். கருவில் நடந்தது அறுபது வயதில் அப்படியே நடக்குமா? பாதி நடக்கும். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள இழை செத்துச் சிதைகிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் பிழைத்திருக்கின்றன. அவை சிதைவைத் துப்புரவு செய்து, பழைய உறைக்குள் வரிசையாக நின்று, வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து, ‘இப்படி வா’ என்று காத்திருக்கின்றன. இழையின் வெட்டுமுனையில் மறுபடி ஒரு கூம்பு முளைத்து அந்தக் குழாய்க்குள் நுழைகிறது. சித்தப்பா தேடிய துளைத் தகடு அதுதான். ஆள் மட்டும் வெளியே நின்று இழுக்கவில்லை.

காயம் தண்டுவடத்தில் பட்டிருந்தால் இந்தக் கதை வேறு. அங்கே இழைகளைப் போர்த்தியிருக்கும் உறையே வளர்ச்சியைத் தடுக்கிறது என்று மார்ட்டின் ஷ்வாப் 1988-இல் காட்டினார். அதில் உள்ள ஒரு தடைப் புரதத்துக்கு நோகோ என்று பெயர்; அதில் ‘போகாதே’ என்ற ஆங்கிலம் ஒளிந்திருக்கிறது. தண்டுவட இழைகளுக்கு வளரும் சக்தியே இல்லையோ என்ற ஐயத்தை, ஆல்பர்ட் அகுவாயோ குழு 1981-இலேயே தீர்த்திருந்தது. கைகால் நரம்பின் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தபோது தண்டுவட இழைகள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. அங்கேயும் பேச்சு கேட்பவரைப் பற்றியதும் சூழலைப் பற்றியதும்தான்.

எட்டாம் மாதம் சித்தப்பாவின் விரலில் உணர்வு வந்தது. வந்த விதம்தான் விசித்திரம். ஆட்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதாகச் சொன்னார். நடுவிரலைக் கிள்ளினால் கட்டைவிரலைப் பார்த்தார். தைத்த இடத்தில் ஆயிரக்கணக்கான குழாய்கள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. எந்தக் கூம்பு எந்தக் குழாய்க்குள் நுழையும் என்பதில் பெரியவர்களின் உடலில் கருவில் இருந்த அளவு நுட்பமான முகவரி இல்லை. பல இழைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகின்றன. மூளையோ பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டு கடிதம் வாசிக்கிறது. ஸ்பெரியின் தவளைக்கு அதைத் திருத்திக்கொள்ள முடியவில்லை. மனித மூளைக்கு ஓரளவு முடியும், பழக்கினால்.

அதற்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். தினமும் மாலையில் பட்டறைத் திண்ணையில் சித்தி ஒரு தட்டை வைக்கிறார்: ஜவ்வரிசி, புளியங்கொட்டை, பழைய ஒரு ரூபாய் நாணயம், ஒரு துண்டு பட்டு, கொலுசில் கோக்கும் சலங்கை மூன்று. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, பெயர் சொல்லி, கண்ணைத் திறந்து சரிபார்க்கிறார். முதல் வாரம் ஜவ்வரிசியைச் சலங்கை என்றார். போன ஞாயிறு நான் போயிருந்தபோது, சலங்கையைச் சரியாகச் சொன்னதோடு நிற்காமல், அதில் ஒன்றுக்குப் பற்றவைப்பு சரியில்லை என்றும் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். மயிரளவு விரிசல் இருந்தது.